கொம்பையாவின் தோளும் பத்து எண்ணிக்கையும்

ஆவுடைப்பட்டணத்தில் ஒரு கோடைகாலம் முழுக்க, தினம் மூன்று வேளை, கிழக்கே உப்பளத்திலிருந்து மேற்கே ரயில்வே கேட்டு வரைக்கும் ஒரு சருகுகூட அசையாமல் ஊர் நின்று நின்று நகர்ந்தது என்று சொன்னால், வெளியூர்க்காரர்கள் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். டீ மாஸ்டர் கொம்பையாவுக்குத் தோள்பட்டை இறுகிப்போயிருந்தது, அதனால் ஊர் நின்றது; இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதலில் கொம்பையா டீ ஆற்றுகிற அழகைச் சொல்லிவிட வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தங்கப்பழம் அண்ணாச்சியின் டீக்கடை, அதற்கு நேர் எதிரே என் தையல் கடை, ஆக முப்பது வருஷமாக நான் தலை நிமிர்ந்தால் கண்ணில் படுவது அந்தக் கைதான். வலது கையில் குவளை தலைக்கு மேலே போகும், இடது கையில் கிளாஸ் முழங்காலுக்குக் கீழே இறங்கும், நடுவிலே டீ ஒரு கயிறு மாதிரி நிற்கும், எங்கேயும் பிசிறாது, எங்கேயும் அறாது, கிளாஸுக்குள் விழுந்ததும் இரண்டு விரல் கனத்துக்கு நுரை பொங்கி எழும்பும், அந்த நுரை மீசையில் ஒட்டாமல் எங்கள் ஊர் ஆண்பிள்ளை எவனும் வேலைக்குப் போனதில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் பந்தயம் வந்து, நான் என் இஞ்சு டேப்பைக் கொண்டுபோய் அந்த டீயை அளந்தேன். ஐம்பத்தெட்டு இஞ்சு. சட்டைக்கு அளவு எடுக்கிற டேப்பால் டீக்கு அளவு எடுத்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். அந்த ஐம்பத்தெட்டை என் கடைக் கதவில் சாக்குக் கட்டியால் எழுதி வைத்தேன்.

மார்கழியில்தான் அந்தக் கைக்கு வினை வந்தது. முதலில் சட்டையைப் பின்னால் இழுத்துவிட முடியவில்லை என்றார். அப்புறம் இடுப்பு வேட்டியின் பின் மடிப்புக்குக் கை போகவில்லை. மாசியில் அவர் தலையை அவர் சம்சாரம் வடிவு சீவிவிட்டாள். பங்குனியில் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனபோது, கொம்பையா பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்க, டீ பதினோரு இஞ்சுதான் வந்தது. ஒரு சாணும் கொஞ்சமும். அந்த உயரத்தில் ஆற்றின டீயில் நுரை எங்கே வரும்? சும்மா கலங்கின தண்ணி மாதிரி கிளாஸில் கிடந்தது. குடித்தவர்கள் கிளாஸை வைக்கிற சத்தத்திலேயே கொம்பையாவுக்கு எல்லாம் கேட்டுவிட்டது.

தங்கப்பழம் அண்ணாச்சி நல்ல மனுஷன்தான், ஆனால் யாவாரி. திருநெல்வேலிக்குப் போய் ஒரு டீ மிஷினை வாங்கி வந்து சாக்கைக்கூடப் பிரிக்காமல் கடை மூலையில் வைத்தார்.

"எலே கொம்பையா, ஆனி கடைசி வரைக்கும் பாப்பேன். ஆடி பெறந்துட்டா புதுசு எதுவும் தொடங்க மாட்டேன்னு உனக்குத் தெரியும். அதனால ஆனி கடைசி நாளு உன் கை தலைக்கு மேல போச்சுன்னா மிஷினு சாக்குலயே கெடக்கட்டும். போகலேன்னா அன்னைக்கே பொருத்திருவேன்."

"பெறவு நான் என்ன செய்ய அண்ணாச்சி?"

"நீ எங்கயும் போக வேண்டாம்ல. பக்கத்துல நின்னு பொத்தானை அமுக்கு."

கொம்பையா அந்தச் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் கயிறு திரித்த கை, இனிமேல் காலிங்பெல் அமுக்குகிற மாதிரி பொத்தானை அமுக்க வேண்டும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று வடிவு என் கடையில் வந்து சொல்லி அழுதாள்.

எண்ணெய் போட்டார்கள். மூலிகை அரைத்துப் பத்துப் போட்டார்கள். எலும்பு கட்டுகிறவரிடம் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு இருபத்தொரு நாள் பொட்டலம் மாதிரி திரிந்தார், அதில் கை இன்னும் கொஞ்சம் இறுகியதுதான் மிச்சம். கடைசியாகத்தான் பெனிட்டாவிடம் போனார்.

பெனிட்டா நாகர்கோவில் பக்கத்துப் பெண், முப்பது வயசுக்குள்தான் இருக்கும். எங்கள் ஊரில் பிசியோதெரபி என்று பலகை மாட்டி ஒரு மாடியறையைப் பிடித்திருந்தது. உள்ளே ஓடாத சைக்கிள் ஒன்று, சுவரில் ஒரு சக்கரம், சாய்ந்து படுக்கிற கட்டில், பெரிய பெரிய ரப்பர் பந்து. சைக்கிளைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் பஞ்சர் ஒட்டக் கேட்டு வந்தார்கள். டாக்டரம்மா என்று கூப்பிட்டால், "டாக்டர் இல்லங்க, பிசியோ" என்று சொல்லும். அதனால் ஊர் அதற்குப் பிசியோம்மா என்று பேர் வைத்துவிட்டது. போனவர்கள் கொஞ்சப் பேர்தான். காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் குதிகாலைத் தரையில் வைத்ததும் ஆணியில் மிதித்த மாதிரி "அம்மா!" என்கிற ரோஸம்மாள் டீச்சர் போனார்கள். குனிந்து குனிந்து தைத்து வாத்து மாதிரி கழுத்து முன்னால் நீண்டுபோன நான் போனேன். உப்பளத்துக் கங்காணி லிங்கதுரை, ஆளுங்கள் பார்த்துவிடக் கூடாது என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இடுப்புக்குப் போனார். லாண்டரிக்காரர் போய், முழங்கை வலிக்குக் காரணம் டென்னிஸ் எல்போ என்று கேட்டு, "நான் அந்த ஆட்டத்தைக் கண்ணால கண்டதில்லையேம்மா" என்று சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

சித்திரை மாசம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பெனிட்டா கொம்பையாவின் தோளுக்குச் சூடு ஒற்றடம் கொடுத்து, கையை மெதுவாகத் தூக்கி, இதற்கு மேல் போகாது என்று வலி கத்துகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்திச் சொன்னது: "இங்க பிடிச்சிருக்கேன் மாஸ்டர். இறக்கக் கூடாது. பத்து எண்ணுங்க."

கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு, "ஒண்ணு" என்றார்.

ஊர் நின்றது.

என் கால் மிஷின் மிதியில் இருந்தது, ஊசி துணிக்கு மேலே அரை இஞ்சில் நின்றது. கம்பியில் உட்கார வந்த காக்கா ஒரு காலை நீட்டியபடி காற்றில் நின்றது. திருச்செந்தூர் பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நின்றது, அதில் ஓடி ஏறின ஆளுக்கு இரண்டு காலும் தரையில் இல்லை. குழாயடியில் தண்ணீர் குடத்துக்கு மேலே கண்ணாடிக் குச்சி மாதிரி நின்றது. ஏட்டையா தும்மலுக்கு வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். மூச்சு மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது, கண் தெரிந்தது, காது கேட்டது, மனசு நினைத்தது. மற்றபடி கண்ணிமைகூட நம் பேச்சைக் கேட்கவில்லை. எல்லார் காதிலும் கொம்பையாவின் குரல், பக்கத்தில் நின்று சொல்லுகிற மாதிரி, ரெண்டு, மூணு, நாலு என்று போய், பத்து என்று முடிந்தது. ஏட்டையா தும்மினார். பஸ் திரும்பியது. காக்கா உட்கார்ந்தது. "ஒண்ணு" என்று மறுபடியும் குரல் வந்தது, மறுபடியும் நின்றோம். பத்துத் தடவை பத்து.

முடிந்ததும் தெருவில் ஒருத்தரையொருத்தர் பார்த்தோம். லாண்டரிக்காரர்தான் முதலில் பேசினார். "இது தெனமும் உண்டுமா, செவ்வாய்க்கெழமை மட்டுமா?"

தினமும் உண்டு என்று தெரிந்ததும் ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மடித்துத் தைத்துக்கொண்டது. பஸ்காரர்கள் நேரப் பலகையில் பத்து மணி வண்டிக்கு இரண்டு நிமிஷம் கூட்டி எழுதினார்கள். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற ஐயர் ராகுகாலம், எமகண்டம் எல்லாம் பார்த்துவிட்டு, "கொம்பையா காலமும் இல்ல, தாராளமா முடிக்கலாம்" என்று சொல்லப் பழகினார். நர்ஸம்மா தடுப்பூசிப் பிள்ளைகளைச் சரியாகப் பத்து மணிக்கு வரிசையில் உட்கார வைத்து, ஒரு தடவை நிற்கிறதற்கு ஒரு பிள்ளை என்று, நிற்கிறதற்கு அரை நொடி முன்னால் ஊசியைக் குத்திவிடும். பத்து எண்ணி முடிவதற்குள் எதற்கு அழ வந்தோம் என்று பிள்ளைக்கு மறந்துபோகும். கோழி திருடுகிற ஒருத்தன் கூட்டுக்குள் கையை விட்டபடி ஊர் பார்க்கப் பத்து எண்ணிக்கை நின்றான், அதோடு திருட்டை விட்டுவிட்டுப் பால் யாவாரத்துக்குப் போய்விட்டான். புருஷன் பெண்சாதி சண்டையில் ஓங்கின கை பத்து எண்ணும்வரை ஓங்கியபடியே நிற்கும்; அவ்வளவு நேரம் தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்ற எவனும் அதை இறக்கினபோது அடித்ததில்லை, தலையைச் சொறிந்துகொண்டான்.

உடம்புக்கும் ஒன்று நடந்தது. நிற்கிற நேரத்தில் பாரம் நம்முடையதாக இல்லை. தலையில் குடம் இருந்தாலும், இடுப்பில் பிள்ளை இருந்தாலும், அந்தப் பத்து எண்ணிக்கைக்கு அதை வேறு யாரோ தாங்கிக்கொண்டார்கள். ரோஸம்மாள் டீச்சரின் குதிகால் வலி கரையத் தொடங்கியது. என் கழுத்து மெல்ல மெல்லத் தோளுக்கு மேலே திரும்பி வந்தது. பெனிட்டாவின் பெஞ்சில் உட்கார ஆளில்லாமல் போனது.

ஆனால் அந்தப் பொண்ணு கவலைப்பட்டது கொம்பையாவைப் பற்றித்தான். காலையில் தான் செய்துவிடுகிறது போதாது, மத்தியானம் ஒரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் வீட்டில் அவராகவே செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தது. சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி ஏற்றிக்கொண்டே போய், ஏறின இடத்தில் பிடித்துப் பத்து எண்ண வேண்டும். மறுநாள் கேட்டது: "நேத்து வீட்டுல செஞ்சீங்களா மாஸ்டர்?"

"செஞ்சேன்மா. ரெண்டு வேளையும்."

"அப்படியா? அப்ப நாலு மணிக்கு என் வீட்டுக் குழாய்த் தண்ணி ஏன் நிக்கவே இல்ல?"

கொம்பையா அன்றைக்குத்தான் சிக்கலைப் புரிந்துகொண்டார். உலகத்தில் எந்த நோயாளியும் பிசியோவிடம் பயிற்சி செய்தேன் என்று பொய் சொல்லலாம். அவர் ஒருத்தர் மட்டும் சொல்ல முடியாது. அவர் செய்தால் ஊருக்கே தெரியும், செய்யாவிட்டாலும் ஊருக்கே தெரியும். ஒரு மணி தாண்டி ஊர் ஓடிக்கொண்டே இருந்தால், தெருவில் போகிறவர்களெல்லாம் அவர் வீட்டு ஜன்னலைத் தட்டினார்கள். "என்னவே, இன்னும் நிக்கலியே? தூங்கிட்டீரா?" வலிக்குப் பயந்து ஒருநாள் நாலிலிருந்து நேரே ஒன்பதுக்குத் தாவினார். அன்றைக்கு ஊர் உலுக்கிப்போட்ட மாதிரி நகர்ந்தது. நடுவில் காணாமல்போன நாலு எண்ணிக்கையில் பிள்ளையார் கோயில் தேங்காய் உடைகிறதற்குப் பதிலாகப் பூசாரி கால் விரலில் விழுந்தது, லாண்டரிக்காரரின் இஸ்திரிப்பெட்டி பஞ்சாயத்துத் தலைவரின் சட்டையில் தங்கிவிட்டது. மறுநாள் பெனிட்டா கையைப் பிடித்துக்கொண்டே கேட்டது, "அஞ்சும் ஆறும் ஏழும் எட்டும் எங்க போச்சு மாஸ்டர்?" அதற்கப்புறம் வடிவு பூரிக்கட்டையோடு பக்கத்தில் நின்று எண்ண வைத்தாள்.

பட்ட வலி வீண்போகவில்லை. அந்தச் சுவரில் அவர் விரல் ஏறின ஏற்றத்தை வடிவு கரிக்கோடு போட்டு வைத்தாள், இங்கே நான் டீயின் உயரத்தைக் கதவில் சாக்குக் கட்டியால் எழுதினேன். வைகாசி பிறக்கப் பதினெட்டு இஞ்சு. வைகாசி முடிய முப்பத்தொன்று. டீயில் மெலிசாக நுரை கட்ட ஆரம்பித்தது. குடித்தவர்கள் கிளாஸை வைக்கிற சத்தம் மாறியது.

அப்போதுதான் சந்தனமாரி டீக்கடைக்கு வந்தாள். உப்பளத்தில் தலையில் உப்புப் பெட்டி சுமக்கிற பெண்களில் மூத்தவள், முழங்கால் வரைக்கும் உப்புப் பூத்து வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி இருக்கும். "அண்ணாச்சி, நேத்துலேருந்து எங்களுக்கு நிக்கல" என்றாள்.

அவள் சொன்ன பிறகு கவனித்துப் பார்த்தோம். கை ஏற ஏற, நிற்கிற எல்லை சுருங்கிக்கொண்டு வந்தது. முதலில் உப்பளம் போனது. அடுத்த வாரம் ரயில்வே கேட்டுப் பக்கம் பஸ் நிற்காமல் ஓடியது. ஆனி பத்தாம் தேதி போஸ்ட் ஆபீஸில் பாதிதான் நின்றது. முத்திரை குத்துகிறவர் குத்திக்கொண்டிருக்க, தபால் வாங்க வந்தவர் கையை நீட்டியபடி நின்றார். கொம்பையா முழுசாகச் சரியாகிவிட்டால் எங்களுக்கு ஒரு எண்ணிக்கைகூட மிஞ்சாது என்று ஊருக்கு விளங்கிவிட்டது.

கூட்டம் போட்டோம். டீக்கடை முன்னால்தான். எல்லாருக்கும் பேச நிறைய இருந்தது. ரோஸம்மாள் டீச்சர், "நாப்பது வருஷம் நின்னுக்கிட்டே பாடம் எடுத்திருக்கேன், எனக்குன்னு கெடச்சது அந்தப் பத்துதான்" என்றார்கள். லாண்டரிக்காரர் முழங்கையைத் தூக்கிக் காட்டினார். தங்கப்பழம் அண்ணாச்சி மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதுக்குத்தான் மிஷினு இருக்கே. கை பாதியில நின்னா ஒலகம் ஒண்ணும் முழுகிராது" என்றார். எனக்குத் தெரிந்து மிஷின் டீயைப் பற்றி எங்கள் ஊர் ஒரு நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். பேசிப் பேசிக் கடைசியில், கொம்பையா முக்கால் பங்கு சரியாகட்டும், பிசியோம்மாவிடம் சொல்லி, கை ஏறுகிறதில் கடைசி இருபது டிகிரியை மட்டும் மிச்சம் வைக்கச் சொல்லலாம் என்று முடிவானது. சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார் பஞ்சாயத்துத் தலைவர். கொம்பையாவின் கை உயரக் கூடாது என்பதற்கு நாங்கள் அத்தனை பேரும் கையை உயர்த்தினோம். நானும்தான். கழுத்து நோகிறவன் வேறு என்ன செய்வான்?

பாய்லர் பக்கத்தில் நின்ற கொம்பையா, தூக்கின கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் அவர் கையால் முப்பது வருஷம் டீ வாங்கின கைகள்.

"இம்புட்டு நாளு நொரையைக் குடிச்சிய. இப்பம் எலும்பைக் கேக்கியளா?" என்றார்.

 கை இறங்கின சத்தம்தான் கேட்டது.

பெனிட்டாவிடம் போன ஆட்கள் அதைவிட மோசமாக வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தார்கள். "இருபது டிகிரி மிச்சம் வைக்கிறதுக்கு அது என்ன ஊறுகாயா? அவர் தோள் அது. உங்களுக்கு நிக்கணும்னா நில்லுங்க, உங்க காலைப் பிடிச்சு ஓட்டறது யாரு?" என்று கேட்டதாம். வந்தவர்கள் அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வேலை நேரத்தில் சும்மா நிற்கிறதாவது! யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

அதற்கப்புறம் ஊர் ஒரு கேவலமான காரியம் செய்தது. ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் சரியாகக் கொம்பையா வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். ஒருத்தர் முறுக்கு கொண்டுவந்தார், ஒருத்தர் தூரத்துச் சொந்தத்தில் செத்துப்போன ஆளைப் பற்றித் துக்கம் பேசினார். பயிற்சி நேரம் தவறட்டும் என்றுதான். வடிவு முறுக்கை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். "ஆறு மாசமா இவருக்குத் தலை சீவி, சட்டை மாட்டி, முதுகு தேச்சுவிட்டது ஊரா, நானா? என் தலையில ஒரு முழம் பூ வைக்க இவரு கை ஏறலை. இருவது டிகிரி வேணும்னா உங்க உங்க வீட்டுக்காரர் தோளுல தேடுங்க போங்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

சந்தனமாரி மட்டும் முறுக்கு கொண்டுவரவில்லை. ஒருநாள் வேலை முடிந்து உப்புக் காலோடு வந்து வாசலில் நின்றாள். இதை வடிவு, ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தபோது எனக்குச் சொன்னாள்.

"ஒக்காரு தாயி. நீயும் கேக்கத்தான வந்திருக்க?" என்றிருக்கிறார் கொம்பையா.

"இல்ல அண்ணாச்சி. நீங்க தோளைச் சரி பண்ணிக்கிடுங்க. அந்தப் பத்துல என்ன இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." அவள் உட்காரவில்லை. "வெடியமுன்ன எறங்குனா மூணு மணி வரைக்கும் பெட்டி தலையை விட்டு எறங்காது. நின்னா கங்காணி சத்தம் போடுவாரு. நடந்தாத்தான் சம்பளம், நின்னா வசவு. உங்க எண்ணிக்கை வந்த பெறகு, காலையில நூறு, மத்தியானம் நூறு. பெட்டி தலையிலதான் இருக்கும், ஆனா கனக்காது. கங்காணியும் எங்ககூடவே நிப்பாரு, திட்ட வாய் வராது. அந்த நேரத்துலதான் அண்ணாச்சி நான் மொத மொதல்ல பாத்தேன், உப்புப் பாத்தியில வானம் தெரியும்னு. இருவது வருஷமா அதுக்குள்ளதான் நடக்கேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.  நாலு மணி ஆனதும் கொம்பையா எழுந்து சுவரிடம் போனார், விரலை ஏற்றினார், ஒண்ணு என்றார். அன்றைக்கு எண்ணின மாதிரி அவ்வளவு மெதுவாக அவர் என்றைக்கும் எண்ணினதில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு பெட்டி உப்பை இறக்கி வைக்கலாம். ஆனால் எண்ணிக்கை அந்தத் தெருவைத் தாண்டவில்லை.

ஆனி கடைசி நாள் வந்தது. தங்கப்பழம் அண்ணாச்சி மிஷினைச் சாக்கோடு தூக்கி மேசையில் வைத்து, ஒரு ஆளை ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார வைத்திருந்தார். பத்து மணிக்குப் பெனிட்டா கடைக்கே வந்தது. ஊரும் வந்தது, வாயில் ஒன்று மனசில் ஒன்றாக வந்தது. கை ஏறக் கூடாது என்று ஓட்டுப் போட்டவர்கள் எல்லாருக்கும், அந்தக் கை தலைக்கு மேலே போவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது. நான் டேப்போடு நின்றேன்.

கொம்பையா குவளையை எடுத்தார். இடுப்பு, நெஞ்சு, தோள். தோளில் ஒரு கணம் நின்றது. பெனிட்டா தொடவில்லை. "மூச்சை விடுங்க மாஸ்டர்" என்றது, அவ்வளவுதான். மூச்சை விட்டார், கை காது தாண்டியது, நெற்றி தாண்டியது, தலைக்கு மேலே போய் நிமிர்ந்தது. குவளையைச் சாய்த்தார். டீ இறங்கி வந்து கிளாஸைத் தொட்டது. "இப்ப பிடிங்க" என்றது பெனிட்டா. "ஒண்ணு" என்றார்.

நாங்கள் நிற்கவில்லை. கண்ணிமைத்தோம், இருமினோம், பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. ஊரில் நின்றது அந்த டீ ஒன்றுதான். குவளைக்கும் கிளாஸுக்கும் நடுவில் பித்தளைக் கம்பி மாதிரி, வெயில் பட்டு, ஒரு சொட்டு விழாமல் நின்றது. நான் நிதானமாகப் போய் டேப்பை வைத்தேன். ஐம்பத்தெட்டு. அரை இஞ்சு கூடவே இருந்ததோ என்னவோ. பத்து என்றார். டீ விழுந்தது. நுரை கிளாஸை விட்டு வெளியே பொங்கி அவர் மணிக்கட்டில் வழிந்தது.

ஸ்க்ரூ டிரைவர்காரனுக்கு அந்த டீயைக் கொடுத்து அனுப்பினார் அண்ணாச்சி. மறுநாள் ஆடி பிறந்தது, மிஷின் சாக்கோடு மூலைக்குப் போனது, ஆவணியில் அதன்மேல் ஒரு கோழி அடைகாத்தது. கை ஏறின அன்று சாயங்காலமே வடிவின் தலையில் ஒரு முழம் பூ இருந்தது. கொஞ்சம் கோணலாக இருந்தது, அதை அவள் சரி செய்யாமல் தெரு முழுக்க நடந்தாள்.

ஆடி ஒன்றாம் தேதி பத்து மணிக்கு ஊர் நிற்கவில்லை. எல்லாரும் என்னவோ நிற்கும் என்று ஒரு நொடி தயங்கிவிட்டு, வேலையைப் பார்த்தோம். ஆனால் உப்பளத்தில் சந்தனமாரி நின்றுவிட்டாள். தலையில் பெட்டியோடு, ஒரு கால் முன்னே வைத்தபடி, கண்ணிமைக்காமல் நின்றாள். அவள் பின்னால் வந்தவள் பார்த்தாள், அவளும் நின்றாள். வரிசை முழுக்க நாற்பது பெண்களும் நின்றார்கள். இந்தத் தடவை பெட்டி கனத்தது, உண்மையான உப்பின் கனம். அதையும் பொறுத்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினார்கள்.

"ஏட்டி, என்ன நிக்கிய? நடங்கட்டி!" என்று கங்காணி லிங்கதுரை கத்தினார். ஒரு வாய்கூட அசையவில்லை. ஒருத்தி மூக்கில் ஈ உட்கார்ந்தது, அவள் மூக்குகூட அசையவில்லை. பத்துத் தடவை பத்து முடிந்ததும், ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்தார்கள். "என்னட்டி இது?" என்றதற்குச் சந்தனமாரி, "எங்களக் கேட்டா? டீ மாஸ்டருக்குத் தோளு இன்னும் சரியாவலை போல. உங்களுக்கு நிக்கலியா கங்காணி?" என்றாளாம்.

சாயங்காலம் கங்காணி நேரே டீக்கடைக்கு வந்தார். கடை நிறைய ஆள். எதிரே என் கதவில் ஐம்பத்தெட்டு என்று முழ உயரத்துக்கு எழுதியிருந்தேன். "என்னவே கொம்பையா, உம்ம தோளு சரியாயிட்டா, இல்லையா?" என்று கேட்டார்.

கொம்பையாவின் கை அப்போது தலைக்கு மேலே, ரோஸம்மாள் டீச்சருக்கான டீயோடு இருந்தது. கங்காணி திண்டில் உட்காரத் திரும்பின நேரத்தில் அது இறங்கி வந்தது. காது, தோள், நெஞ்சு, இடுப்பு. நான் உள்ளங்கையால் என் கதவிலிருந்த எண்ணை அழித்தேன். டீச்சர் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

"எங்க கங்காணி," என்றார் கொம்பையா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அப்படியேதான் கெடக்கு. ராவெல்லாம் நோவு." பதினோரு இஞ்சு உயரத்தில் டீயை ஆற்றி, நுரையில்லாமல் ஒரு கிளாஸ் அவர் முன்னால் வைத்தார்.

கங்காணி கிளாஸைப் பார்த்தார். சுற்றிலும் இருந்த எங்கள் மூஞ்சிகளைப் பார்த்தார். குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு பதினாலு வருஷம், பத்து மணி பஸ் உப்பளத்துத் திருப்பத்தில் ஒரு தடவை நீளமாக ஹாரன் அடிக்கும், மத்தியானம் ஒரு மணி பஸ்ஸும் அடிக்கும், பெண்கள் நிற்பார்கள். இரண்டாம் வருஷம் பெட்டியை இறக்கி வைத்தே நின்றார்கள். ஊருக்குள் எல்லாரும் இரண்டு விரல் நுரையோடு குடித்த டீயை, லிங்கதுரை கங்காணி ஒருத்தர் மட்டும் நுரையில்லாமல் குடித்தார். அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? பஸ் ஹாரன் அடித்ததும், பாத்திக் கரையில் அவரும் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி, பெனிட்டா சொல்லிக்கொடுத்த மாதிரி பின்னால் வளைந்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணுவாராம். அந்தப் பதினாலு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் நுரை எங்கே என்று கேட்டதில்லை.